பூ வந்த பிறகு தெளிப்பானைத் தொடாதீர்கள்

கேள்வி: நாங்கள் கனடாவில், ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் உள்ள மார்க்கம் நகரில் சொந்த வீட்டில் இருக்கிறோம். மூட்டுவலிக்கும் இரவுத் தூக்கத்துக்குமாகப் போன வருடம் பின்வளவில், வேலியோரம், பூசணிப் பந்தலுக்குப் பக்கத்தில் 4 கஞ்சாச் செடி வைத்தேன். ஓகஸ்ட் நடுவில் இலைகளில் மா தூவியது போல வெள்ளை படிந்தது. ஊர்ப் பழக்கத்தில் வேப்பெண்ணெயையும் சவர்க்காரத்தையும் கலந்து வாரா வாரம் அடித்தேன், பூ வந்த பிறகும்தான். செப்ரெம்பர் கடைசியில் பெரிய பூக்களைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மண்ணிறமாக அழுகியிருந்தது. சிலவற்றில் புழு எச்சமும் இருந்தது. அரைவாசிக்கு மேல் வெட்டி எறிந்தேன். இந்த வருடம் இயற்கை முறையில் சரியாகச் செய்ய வேண்டும். பஞ்சகவ்யம், புளித்த மோர் தெளிக்கலாமா? நோய் பூசணியில் இருந்து வந்ததா? அழுகிய பூவைக் காய்ச்சி எண்ணெய் எடுக்கலாம் என்கிறார் ஒரு நண்பர். சரியா?

பதில்: சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை வேறு இடங்களில் இருப்பவர்களும் வாசிப்பார்கள். கனடாவில் 2018 ஒக்ரோபர் 17 முதல் வீட்டுக்கு 4 செடி வளர்க்கலாம். ஆளுக்கு நான்கு அல்ல, வீட்டுக்கு நான்கு. ஒன்ராறியோவில் வளர்ப்பவருக்கு 19 வயதாகியிருக்க வேண்டும், விதையோ கன்றோ உரிமம் பெற்ற இடத்தில் வாங்கியதாக இருக்க வேண்டும், விளைந்ததை விற்கக் கூடாது. வாடகை வீட்டிலும் கொண்டோ அடுக்குமாடியிலும் ஒப்பந்தம் தடுக்கலாம். கியூபெக்கில் வீட்டில் வளர்க்கவே முடியாது, அந்தத் தடை செல்லும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இலங்கையிலும் இந்தியாவிலும் வீட்டில் ஒரு செடி வளர்த்தாலும் குற்றம். விமானத்தில் ஊருக்குப் போகும்போது நாலு விதையைப் பையில் போட்டுக்கொண்டு போகும் எண்ணம் யாருக்காவது இருந்தால், அதை இப்போதே விட்டுவிடுங்கள்.

வலிக்காக எடுப்பதால் இன்னொன்று. நீங்கள் வேறு மருந்து எடுக்கிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. வார்ஃபரின் போன்ற, இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்துகளோடு கஞ்சா மோதும். குடும்ப வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், இங்கே அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

இனி செடிக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உறுத்தியது இலையில் வெள்ளை படிந்த அந்தச் சாம்பல் நோயோ புழுவோ அல்ல, "பூ வந்த பிறகும்தான்" என்ற அந்தச் சொற்கள். கத்தரிக்காயில் அடித்த மருந்தைக் கழுவலாம், தோலைச் சீவலாம், சமைக்கலாம். கஞ்சாப் பூவை யாரும் கழுவிச் சாப்பிடுவதில்லை. பிசின் ஒட்டும் அந்தப் பூவில் விழுந்த எண்ணெய்த் துளி அங்கேயே இருக்கும், காய்ந்த பிறகு எரிந்து நேரே நுரையீரலுக்குப் போகும். இயற்கை மருந்து என்பதால் இந்தக் கணக்கு மாறாது. கனடாவில் 2016 கடைசியிலும் 2017 தொடக்கத்திலும் உரிமம் பெற்ற சில நிறுவனங்களின் மருத்துவக் கஞ்சாவே திரும்பப் பெறப்பட்டது. காரணம் மைக்ளோபியூட்டனில் என்ற பூஞ்சணக்கொல்லி. திராட்சையிலும் வேறு பயிர்களிலும் அனுமதியோடு அடிக்கும் மருந்துதான் அது, ஆனால் சூடாக்கினால் ஹைட்ரஜன் சயனைட் வெளிவரும். தின்னும் பயிருக்குச் சரியானது புகைக்கும் பயிருக்குச் சரியாக இருக்க வேண்டியதில்லை என்பது அன்று எல்லோருக்கும் உறைத்தது. பூச்சிமருந்துப் பரிசோதனை கட்டாயமானதும் அதற்குப் பிறகுதான். உங்கள் பின்வளவுக்கு அந்தப் பரிசோதனை வராது. பரிசோதகரும் நீங்கள்தான், பாவிப்பவரும் நீங்கள்தான்.

வேப்பெண்ணெயைப் பற்றிப் பேசினால் நம் ஆட்களுக்குக் கோபம் வரும், தெரியும். ஆனால் கனடாவில் அது பூச்சிமருந்தாகப் பதிவாகவில்லை. கடையில் கிடைப்பது இலையைப் பளபளப்பாக்கும் பொருள் என்ற பெயரில் விற்கப்படுகிறது. பதிவில்லாததைப் பூச்சிக்கு அடிப்பது இங்கே சட்டப்படி தவறு. அதைவிடப் பெரிய காரணம், நல்ல வெயிலில் எண்ணெய் இலையைக் கருக்கும், பூவில் கசப்பும் நாற்றமும் நிற்கும், பூவின் இடுக்கில் ஈரத்தையும் பிடித்து வைக்கும். உங்கள் பூ உள்ளே அழுகியதற்கு வாரா வாரம் நனைத்ததும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

பஞ்சகவ்யமும் மோரும் அதே வழிதான். மண்ணுக்கு ஊற்றுங்கள், ஆட்சேபணை இல்லை, அதுவும் செடி வளரும் காலத்தில் மட்டும். சாணமும் பாலும் புளித்த கரைசலைப் பூவில் தெளித்து, அதை உலர்த்தி, பற்றவைத்து இழுப்பதை யோசித்துப் பாருங்கள். சீமைச் சுரைக்காயின் சாம்பல் நோய்க்குப் பாலைப் பத்தில் ஒரு பங்கு என்ற அளவில் தண்ணீரில் கலந்து தெளித்துப் பிரேசிலில் ஆய்வு செய்து, 1999-இல் நல்ல முடிவு வெளியிட்டார்கள். ஆகவே பால் வைத்தியம் வெறும் பாட்டி கதை அல்ல. அதை உங்கள் பூசணிக்குச் செய்யுங்கள், கஞ்சாவுக்கு வேண்டாம்.

பூசணி குற்றவாளியா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் இல்லை. இரண்டிலும் வருவது சாம்பல் நோய்தான், ஆனால் சாம்பல் நோய்ப் பூஞ்சணத்தில் பல இனம் உண்டு, ஒவ்வொன்றும் தனக்கேற்ற செடிகளையே பிடிக்கும். இங்கே பூசணியில் அதிகம் காணும் இனம் வேறு, கஞ்சாவில் காணும் இனம் வேறு. நான் குறை சொல்வது பூசணியை அல்ல, பந்தலை. ஒரு பக்கம் வேலி, மறுபக்கம் இலை அடர்ந்த பந்தல், நடுவில் 4 செடி. காற்று எந்த வழியால் போகும்? காலை வெயில் எத்தனை மணிக்கு அங்கே விழும்?

சாம்பல் நோயைப் பற்றி ஒரு விசயம் பலருக்கும் தெரியாது. இலை நனைந்தால்தான் நோய் வரும் என்று நினைக்கிறோம். இதற்கு இலை நனையவே வேண்டாம், தண்ணீர் தேங்கினால் அதன் வித்து முளைப்பதே கெடும். நிழல், நெருக்கம், 20 முதல் 27 பாகை வரையான மிதமான வெப்பம், இரவில் காற்றில் கூடும் ஈரம், இவை போதும். ஒரு சொட்டு மழை இல்லாத ஓகஸ்டிலும் வரும். அழுகல் அப்படி அல்ல. அது பொட்ரைட்டிஸ் என்ற வேறொரு நரைநிறப் பூஞ்சணம். அதற்கு ஈரம் வேண்டும், குளிர்ச்சி வேண்டும், காற்றுப் புகாத கட்டிப் பூ வேண்டும். செப்ரெம்பர் இரவுப் பனி ஒன்றே அதற்குக் காணும். ஆகவே உங்களுக்கு வந்தவை இரண்டு வேறு நோய்கள். முதலாவதுக்குச் செய்த வைத்தியம் இரண்டாவதை வளர்த்தது.

இதே பொட்ரைட்டிஸ்தான் நயாகராவில் திராட்சைக்காரரின் தூக்கத்தைக் கெடுப்பதும். பினோ நுவார், ரீஸ்லிங் போல பழங்கள் நெருக்கி நிற்கும் குலைகளில்தான் அது முதலில் புகும். அவர்கள் குலையைச் சுற்றியுள்ள இலைகளைக் கிள்ளி வெயிலும் காற்றும் படும்படி திறந்துவிடுவார்கள். உங்களுக்கும் நான் சொல்லப் போவது கிட்டத்தட்ட அதுதான், ஆனால் அந்த வேலை யூலைக்குள் முடிந்திருக்க வேண்டும்.

நடும் இடத்தில் இருந்து தொடங்குங்கள். பின்வளவில் காலை வெயில் முதலில் விழும் இடம் எது என்று மே மாதம் ஒரு நாள் கோப்பியோடு நின்று பாருங்கள். மாலை வெயிலைவிடக் காலை வெயில் முக்கியம், அதுதான் பனியைக் காய வைக்கும். செடிக்குச் செடி 5 அடியாவது விடுங்கள், வேலியில் இருந்து 3 அடி தள்ளி வையுங்கள். மார்க்கம் பக்கம் மண் களிமண், மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். 50 லீற்றர் துணிச்சாடி நல்லது. தேவைப்பட்டால் இழுத்து நகர்த்தலாம், கடைசி மாதம் அந்த வசதி உங்களைக் காப்பாற்றும். மே 24-ஐ ஒட்டி வரும் விக்டோரியா நாள் வார இறுதிக்கு முன் வெளியே வைக்காதீர்கள்.

பசளையில் கையை அடக்குங்கள். கோழி எருவும் மீன் கரைசலும் மாறி மாறி ஊற்றினால் இலை கரும்பச்சையாக, பஞ்சு போல மென்மையாக வரும். நமக்குப் பார்க்க அழகு, சாறு உறிஞ்சும் அழுக்கணவன் பூச்சிக்கு விருந்து. நல்ல கூட்டெரு மூன்றில் ஒரு பங்கு கலந்த மண் என்றால் யூலை வரை வேறொன்றும் வேண்டாம். தண்ணீரைக் காலையில் அடியில் மட்டும் விடுங்கள்.

இனி ரகம். உங்கள் கடிதத்தில் இருந்து பார்த்தால் நீங்கள் வைத்தது பகல் குறையும்போது பூக்கும் சாதாரண ரகம். யூனில் ரொறன்ரோப் பக்கம் பகல் பதினைந்தரை மணி நேரம் வரை நீளும். அது குறைந்து ஓகஸ்டில்தான் செடி பூக்கத் தொடங்கும், முற்றுவதற்குச் செப்ரெம்பர் கடைசி, சில ரகங்களுக்கு ஒக்ரோபர் நடுப்பகுதி. அதாவது பூ மிகக் கட்டியாக இருக்கும் வாரங்களும், பனியும் மழையும் கூடும் வாரங்களும் ஒன்றாக வந்து விழுகின்றன. எந்தத் தெளிப்பாலும் இதை மாற்ற முடியாது. பூ முற்றும் காலத்தை மாற்றலாம். ஓட்டோஃபிளவர் என்று விற்கும் ரகங்கள் பகல் நீளத்தைப் பார்ப்பதில்லை, விதை போட்டு 10 முதல் 12 வாரத்தில் முற்றிவிடும். மே கடைசியில் போட்டால் ஓகஸ்டில் அறுத்துவிடலாம், அழுகலின் காலம் தொடங்கும் முன்பே. செடி சிறியது, விளைச்சலும் குறைவு. ஆனால் போன வருடம் அரைவாசியை எறிந்த கணக்கைச் சேர்த்துப் பார்த்தால் உங்களுக்கு நட்டமில்லை. நான்கில் இரண்டையாவது ஓட்டோவாக வையுங்கள் என்பதே என் ஆலோசனை. மற்ற இரண்டுக்கு, சீக்கிரம் முற்றும், பூ கொஞ்சம் தளர்வாக இருக்கும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள். கடைப் படத்தில் கல் போல இறுகிய பெரிய பூவைப் பார்த்து மயங்க வேண்டாம், அந்தப் பூ உள்அறையில் வளர்ந்தது.

யூலையில் செடியின் கீழ் மூன்றில் ஒரு பங்கைச் சுத்தம் செய்யுங்கள். நிலத்தைத் தொடும் கிளை, உள்ளே வெயில் படாத சின்னக் கிளை, நிழலில் மஞ்சளாகும் இலை, எல்லாவற்றையும் எடுங்கள். நடுவில் கைவிட்டால் மறுபக்கம் வர வேண்டும். ஒரே நாளில் மொட்டை அடிக்காதீர்கள், வாரத்துக்குக் கொஞ்சமாக எடுத்தால் செடி தாங்கும்.

பூச்சிகளில் அழுக்கணவனும் சிற்றுண்ணியும்தான் உங்களுக்கு அதிகம் வரும். இரண்டும் இலையின் அடிப்பக்கத்தில் இருக்கும், மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. வாரத்தில் இரண்டு தடவை இலையைத் திருப்பிப் பாருங்கள், மலிவான ஒரு பூதக்கண்ணாடி போதும். மேலே ஊசியால் குத்தியது போல வெளிர்ப்புள்ளி தெரிந்தால் கீழே சிற்றுண்ணி இருக்கிறது. காய்ந்த, சூடான யூலையில்தான் அது பெருகும். வலை பின்னும் வரை விட்டால் வெல்வது கடினம். தொடக்கத்தில் காலை நேரம் இலையின் அடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே இரண்டும் வெகுவாகக் குறையும். அதற்கும் அடங்காவிட்டால் பூச்சிக்கென்று விற்கும் பொற்றாசியம் சவர்க்காரம். பாத்திரம் கழுவும் திரவம் அதற்குப் பதிலாகாது, அது இலையை எரிக்கும். சவர்க்காரம் பூச்சியின் மேல் நேரே பட்டால்தான் வேலை செய்யும், ஆகவே அடிப்பக்கம் நனைய வேண்டும். மாலையில் அடியுங்கள்.

காசு கொடுத்து ஆயிரம் பொறிவண்டு வாங்கி விடலாமா என்று சிலர் கேட்பார்கள். விட்ட மறுநாள் அரைவாசி பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கும். அதைவிடப் பக்கத்தில் கொத்தமல்லியையும் சதகுப்பையையும் பூக்க விடுங்கள். அந்தச் சின்னப் பூக்களைத் தேடி வரும் ஈக்களும் குளவிகளும் பக்கத்திலேயே முட்டையிட்டு அழுக்கணவனைப் பார்த்துக்கொள்ளும். யப்பான் வண்டு வந்தால் மருந்தே தேவையில்லை. காலைக் குளிரில் அது மந்தமாக இருக்கும், சவர்க்காரத் தண்ணீர் வாளிக்குள் தட்டி விழுத்துங்கள்.

புழுதான் உண்மையான ஆபத்து. அது தின்பது கொஞ்சம், அழுகலுக்குத் திறந்துவிடும் கதவு பெரிது. நீங்கள் பூவுக்குள் பார்த்த எச்சத்தில்தான் பூஞ்சணம் முதலில் பிடித்திருக்கும். அந்துப்பூச்சி முட்டையிடுவது கோடை நடுவிலும் கடைசியிலும். இதற்கு பி.ரி. (Bt) என்று சுருக்கமாகச் சொல்லும் பசிலஸ் துரிஞ்ஜியென்சிஸ் பக்ரீரியா இருக்கிறது. அந்தப் பக்ரீரியாவின் குர்ஸ்டாகி வகை புழுக்களை மட்டும் கொல்லும், தேனீயைத் தொடாது. ஆனால் புழு அதைத் தின்ன வேண்டும், அதுவும் சிறு புழுவாக இருக்கும்போது. வெயிலில் சில நாளில் சக்தி போய்விடும் என்பதால் மாலையில் அடித்து, லேபிளில் சொன்ன இடைவெளியில் திரும்ப அடிக்க வேண்டும். யூலை கடைசியில் இருந்து பூ கட்டியாகும் முன் வரை. தண்டில் சின்னத் துளையும் வாயில் மரத்தூள் போன்ற எச்சமும் கண்டால் உள்ளே துளைப்புழு இருக்கிறது. பி.ரி. அங்கே எட்டாது, அந்தக் கிளையை வெட்டி எறியுங்கள்.

சாம்பல் நோய் பூவுக்கு முன் தலைகாட்டினால், முதல் இரண்டு மூன்று இலைகளை அப்போதே பையில் போட்டுக் கட்டி எறியுங்கள். பிறகு பொற்றாசியம் பைகார்பனேற் உள்ள தெளிப்பு. அப்பச்சோடா வேண்டாம், அதன் சோடியம் செடிக்கும் மண்ணுக்கும் நல்லதல்ல. கந்தகத்தைப் பலர் சொல்வார்கள், வேலை செய்யும்தான். ஆனால் 30 பாகைக்கு மேல் இலையைக் கருக்கும், எண்ணெய் அடித்த செடியில் இரண்டு வாரம் கழியாமல் தொடக் கூடாது, பூவில் தங்கினால் புகை தொண்டையை அறுக்கும். நான் தவிர்த்துவிடுவேன். எதை வாங்கினாலும் லேபிளில் கஞ்சா என்ற பெயர் இருக்கிறதா என்று கடைக்காரரிடமே காட்டச் சொல்லுங்கள். லேபிளில் இல்லாத பயிருக்கு அடிப்பதும் இங்கே சட்டத்துக்கு மாறானதுதான்.

பூவரும்பில் வெள்ளை நூல்கள் கொத்தாகத் தெரியத் தொடங்கிய அன்று தெளிப்பானைக் கழுவி கராஜில் வையுங்கள். அதற்குப் பிறகு உங்களிடம் இருப்பவை கண், கத்தரிக்கோல், கூரை. கூரை என்றால் பெரிய செலவு இல்லை, நாலு கம்பு நட்டு மேலே மட்டும் தெளிந்த பொலித்தீன் கட்டினால் போதும். பக்கங்களை மூடாதீர்கள், மூடினால் அது பூஞ்சணத்துக்கு வீடாகும். சாடியில் இருந்தால் மழை இரவுகளில் கார்போட்டுக்குள் இழுத்து விடலாம். விடிந்ததும் கிளையை மெதுவாக உலுக்கிப் பனியை உதிருங்கள்.

செப்ரெம்பரில் ஒவ்வொரு நாளும் பூக்களைப் பாருங்கள். பச்சைப் பூவின் நடுவில் ஒரே ஒரு சின்ன இலை மட்டும் மஞ்சளாகவோ மண்ணிறமாகவோ வாடி நிற்கும், தொட்டு இழுத்தால் எதிர்ப்பே இல்லாமல் கையோடு வரும். அதுதான் அழுகலின் முதல் அடையாளம். வெளியே நரைத்த பூஞ்சணம் தெரியும்போது உள்ளே எல்லாம் முடிந்திருக்கும். அந்த இடத்துக்கு ஒரு அங்குலம் கீழே, நல்ல தண்டு தெரியும் வரை வெட்டுங்கள். வெட்டுமுன் பூவின் மேல் பையைக் கவிழ்த்துக்கொண்டால் தூள் பறக்காது. ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் கத்தரிக்கோலை மதுசாரத்தால் துடையுங்கள். ஒரே செடியில் மூன்றாவது இடத்தில் கண்டால் முற்றும் வரை காத்திருக்காதீர்கள், நல்லதை அன்றே அறுத்துவிடுங்கள். ஒரு வாரம் முந்திய பூ கொஞ்சம் வலு குறைவாக இருக்கும், அவ்வளவுதான். வானிலையில் தொடர்ந்து நான்கு நாள் மழை என்று வந்தாலும் இதையே செய்யுங்கள்.

அறுத்த பிறகு 18 பாகை அளவில், இருட்டான, காற்று மெதுவாக அசையும் அறையில் கிளையாகத் தொங்க விடுங்கள். காற்றின் ஈரப்பதம் 60 வீதத்தைத் தாண்டக் கூடாது, பத்து டொலர் ஈரமானி ஒன்று வாங்கி அங்கே வையுங்கள். விசிறி நேரே பூவில் அடிக்க வேண்டாம். சின்னத் தண்டு வளைந்து நிற்காமல் முறியும்போதுதான் போத்தலில் அடைக்க வேண்டும். அவசரப்பட்டு அடைத்தால் தோட்டத்தில் தப்பியது போத்தலுக்குள் பூக்கும். பேரப்பிள்ளைகள் வந்து போகிற வீடு என்றால் போத்தலுக்குப் பூட்டு வேண்டும்.

உங்கள் நண்பர் சொன்ன எண்ணெய் யோசனை வேண்டாம். பூஞ்சணம் பிடித்த பூவைக் காய்ச்சினால் பூஞ்சணம் சாகலாம், அது விட்டுப்போன நச்சு எல்லாம் சூட்டில் போகும் என்று நம்ப முடியாது. எண்ணெயில் அது இன்னும் செறிவாகவே சேரும். நுரையீரல் நோய் உள்ளவருக்கும், நோய் எதிர்ப்புக் குறைந்தவருக்கும் பூஞ்சணப் புகை உயிராபத்து வரை போகும். வெள்ளை தெரிந்த பூவைக் கழுவி எடுத்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கும் இதே பதில். பியூட்டேன் போன்ற எரியும் கரைப்பான்களால் வீட்டில் எண்ணெய் எடுப்பது சட்டப்படி தடை, வீடு வெடித்த சம்பவங்களும் உண்டு. அழுகியதைக் கூட்டெருக் குவியலிலும் போடாதீர்கள், கறுப்புப் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள். போன வருடத்து இலையும் தண்டும் வேலியோரம் இன்னும் கிடந்தால், கன்று நடுமுன் அதையும் கூட்டி அள்ளிவிடுங்கள்.